ஒரே நம்பர், ரெண்டு பெட்டி!

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வருகிற போன் பெரும்பாலும் நல்ல சேதி சொல்வதில்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

“சார், தூங்கிட்டீங்களா? ஒரு சின்ன சந்தேகம்...”

கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கும் நண்பர். வைரஸ் தொல்லை தாங்காமல் விண்டோஸுக்கு முழுக்குப் போட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறியவர். அவரிடம் ஒரே கடையில் வாங்கிய இரண்டு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குகள் உண்டு. அதே கறுப்பு, அதே சைஸ், அதே பளபளப்பு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் தினசரி பேக்கப். மற்றொன்றில், எடுத்து முடித்த கல்யாணங்கள் அத்தனையும். மூன்று வருஷ உழைப்பு.

அன்று ராத்திரி பேக்கப் பெட்டியைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று ஃபார்மட் கட்டளை கொடுத்திருக்கிறார். குத்துமதிப்பாக அல்ல. பெட்டிக்குள் பதிந்திருக்கும் ஹார்டுவேர் நம்பரைப் பார்த்து, அதைச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். போன மாசமும் இதே நம்பர்தான், இதே கட்டளைதான். அப்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால், போன மாசம் செருகியிருந்தது ஒரு பெட்டி. இப்போது இரண்டு.

கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. “இதில் ஏற்கெனவே ‘கல்யாணம்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறதே... பரவாயில்லையா, மேலே போகட்டுமா?”

நண்பரின் விரல் பட்டனுக்கு மேலே அரை இஞ்ச் தூரத்தில் நின்றுவிட்டது. அழிக்கச் சொன்னது பேக்கப் பெட்டியை. கம்ப்யூட்டர் அழிக்கக் கிளம்பியது கல்யாணப் பெட்டியை!

மறுநாள் காலை அவர் ஸ்டூடியோவுக்குப் போய், இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாகச் செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய சீரியல் நம்பர், இரண்டிலும் ஒன்றேதான். அந்த நம்பர் என்ன தெரியுமா? 0, 1, 2, 3 என்று 9 வரை வரிசையாக எண்ணி, அப்புறம் ஏ, பி, சி என்று எஃப் வரைக்கும். யாரோ யோசிக்காமல் தட்டிவிட்டுப் போன நம்பர்.

இது ஏதோ ஒரு போட்டோகிராபரின் துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு கம்ப்யூட்டர் தனக்குள் இருக்கும் டிஸ்க்குகளை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்ற கேள்விக்கு ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் ஒரு ஓட்டையில்தான் நண்பரின் கால் மாட்டிக்கொண்டது.

*

ஒரு வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? முதலில் இனிஷியல். இனிஷியலும் ஒன்றாக இருந்துவிட்டால், ‘ஜன்னலோர முருகன்’, ‘கடைசி பெஞ்ச் முருகன்’. அதுவும் சரிப்படவில்லை என்றால், ‘முதல்ல சேர்ந்த முருகன்’, ‘அப்புறம் வந்த முருகன்’. ரொம்பக் குழப்பமானால், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற அங்க அடையாளம். இடது முழங்கையில் மச்சம்.

டிஸ்க் விஷயத்திலும் இதே நாலு வழிகள்தான். உட்கார்ந்திருக்கும் இடம், வந்த வரிசை, வெளியே கொடுக்கப்பட்ட நம்பர், உள்ளே இருக்கும் அடையாளம். லினக்ஸ் இந்த நாலையும் முயன்று பார்த்திருக்கிறது.

1969-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில், பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒரு அழகான எண்ணம் இருந்தது. டெர்மினல், டேப், டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு ஃபைல் மாதிரியே பாவிப்பது. ‘டெவ்’ என்று ஒரு டைரக்டரி. அதற்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொல்லி எழுதினால் கருவிக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான்.

அந்தக் காலத்து டிஸ்க் என்பது வாஷிங் மெஷின் சைஸுக்கு இருக்கும். ஒரு தடவை ஓர் இடத்தில் வைத்தால் வைத்ததுதான். அதை யாரும் பிடுங்கி பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. ஆகவே, பெயர் ஒரு நாளும் மாறாது.

1991 ஆகஸ்ட் 25-ம் தேதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகத்துக்குச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 21. அதுதான் லினக்ஸ். யூனிக்ஸின் ‘டெவ்’ வழக்கத்தை அதுவும் அப்படியே எடுத்துக்கொண்டது.

அன்றைய பர்ஸனல் கம்ப்யூட்டரில் ஐடிஇ என்ற வகை டிஸ்க்குகள். இரண்டு கேபிள், ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க், ஆக நாலு நாற்காலி. முதல் நாற்காலியில் இருப்பவர் எச்டிஏ, அடுத்தவர் எச்டிபி, பிறகு எச்டிசி, எச்டிடி. நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர்களின் பெயர் மாறாது. பஸ்ஸில் சீட் நம்பர் மாதிரி. உட்கார்ந்த இடமே அடையாளம்.

பெரிய கம்ப்யூட்டர்களில் ஸ்கஸி என்ற வேறொரு வகை. அங்கே டோக்கன் முறை. கம்ப்யூட்டர் கண்விழித்துத் தேடும்போது முதலில் கண்ணில் படுபவர் எஸ்டிஏ, அடுத்தவர் எஸ்டிபி. வரிசையே அடையாளம். ஒருவர் லீவ் போட்டால் பின்னால் இருப்பவர்களின் பெயரெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். இதில் ஆபத்து இருக்கிறது என்று அன்றைக்கே பலருக்குத் தெரியும். ஆனால், ஸ்கஸி டிஸ்க்குகளையும் யாரும் தினமும் கழற்றி மாட்டவில்லை. ஆகவே, காலம் ஓடியது.

அப்புறம் வந்தது யூஎஸ்பி.

*

இன்டெல் கம்பெனியில் அஜய் பட் என்று ஒரு என்ஜினீயர். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். வீட்டில் ஒரு பிரின்டரை இணைப்பதற்கே ஆயிரம் தகராறு. சுவரில் பிளக் செருகுவது போல கம்ப்யூட்டரில் எதையும் செருக முடியாதா என்று யோசித்தவர்களில் முக்கியமானவர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் உட்பட ஏழு கம்பெனிகள் சேர்ந்தன. 1996 ஜனவரியில் யூஎஸ்பி-யின் முதல் விதிமுறை வெளியானது.

செருகு, வேலை செய், பிடுங்கு. சுகமான சமாசாரம்தான். ஆனால், யூனிக்ஸ் காலத்து அடிப்படை நம்பிக்கை ஒன்று அதோடு காலி. கருவிகள் வைத்த இடத்தில் இருக்கும் என்பதே அந்த நம்பிக்கை.

லினக்ஸ், யூஎஸ்பி டிஸ்க்கையும் ஸ்கஸி டிஸ்க் மாதிரியே நடத்த ஆரம்பித்தது. அதாவது டோக்கன் முறை. முதலில் செருகினால் எஸ்டிபி, அடுத்துச் செருகினால் எஸ்டிசி. நாளைக்கு வரிசை மாற்றிச் செருகினால் பெயரும் மாறும். நேற்று ‘எஸ்டிபி-யை அழி’ என்றால் பேக்கப். இன்றைக்கு அதே வாக்கியத்துக்கு அர்த்தம் கல்யாணம்!

இந்த ஆபத்தை யூஎஸ்பி-யை உருவாக்கியவர்கள் யோசிக்காமல் இல்லை. செருகிய உடனே ஒவ்வொரு கருவியும் கம்ப்யூட்டரிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். 18 பைட் நீளமுள்ள ஒரு விசிட்டிங் கார்டு. அதில் தயாரித்த கம்பெனியின் நம்பர், மாடல் நம்பர், சீரியல் நம்பர் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு எல்லாம் உண்டு. கம்பெனி நம்பரை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. யூஎஸ்பி அமைப்பிடம் சில ஆயிரம் டாலர் கட்டி வாங்க வேண்டும். மொத்தம் 65,536 நம்பர்கள்தான் சாத்தியம் என்பதால் அதில் கறார்.

சீரியல் நம்பர் மட்டும் பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஒரு மவுஸுக்கோ கீபோர்டுக்கோ அது எதற்கு? ஆனால் டிஸ்க்குக்கு அப்படி விட முடியாதே. ஆகவே, 1999-ல் வந்த மாஸ் ஸ்டோரேஜ் விதிமுறையில் தெளிவாக எழுதிவைத்தார்கள். சீரியல் நம்பர் இருந்தே ஆக வேண்டும். குறைந்தது 12 இலக்கம். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றால், கடைசி 12 இலக்கங்கள் எந்த இரண்டு பெட்டிக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது.

அந்த விதிமுறையின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் தேதி என்ன தெரியுமா? செப்டம்பர் 31, 1999. செப்டம்பருக்கு முப்பது நாள்தான்! உலகத்தில் இல்லாத ஒரு தேதியில் வந்த விதியை, சில கம்பெனிகள் இல்லாத விதியாகவே எடுத்துக்கொண்டன போலும்.

12 இலக்கம் என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் முதல் எஃப் வரை 16 எழுத்துக்கள் வரலாம். கணக்குப் போட்டால் சுமார் 281 லட்சம் கோடி நம்பர்கள். ஒரு மாடலுக்கு மட்டும்! நம்பர் பஞ்சத்தால் யாரும் ஒரே நம்பரைப் போட வேண்டிய அவசியமே இல்லை.

பின் எப்படி நடந்தது?

*

எக்ஸ்டெர்னல் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பல சமயம் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க். அது பேசும் பாஷை சாட்டா. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் பேசும் பாஷை யூஎஸ்பி. நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். பழைய கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசிய துபாஷி மாதிரி.

“யார் நீ?” என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. பதில் சொல்வது துபாஷி. சொல்வது தன் பெயரை, உள்ளே உட்கார்ந்திருக்கும் துரையின் பெயரை அல்ல. வம்பு இங்கேதான் ஆரம்பம்.

சிப் செய்பவர் ஒருவர். அதை வாங்கிப் பெட்டியாக்குபவர் வேறொருவர். சிப்போடு ஒரு மாதிரி சாஃப்ட்வேரும் வரும். அதில் சும்மா உதாரணத்துக்கு ஒரு சீரியல் நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். வங்கியில் ஃபாரம் நிரப்பக் காட்டும் மாதிரிப் படிவத்தில் ஏதாவது ஒரு பெயர் போட்டிருப்பார்களே, அது மாதிரி. பெட்டி செய்பவர் ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் புது நம்பர் எழுதி, சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஒரு பெட்டிக்குச் சில விநாடிகள்தான். ஆனால் லட்சம் பெட்டி என்றால் அது காசு. எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பெட்டி ஜோராக வேலை செய்யும். ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவருக்கு ஆயுசு பூராவும் விஷயம் தெரியவே வராது. இரண்டாவது பெட்டி வாங்குபவர்தான் மாட்டிக்கொள்வார். அதாவது, அந்தக் கம்பெனியை நம்பி இரண்டாவது தடவை காசு கொடுத்தவர்!

இதே மாதிரியான சிக்கலை யூஎஸ்பி-க்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே வேறு சிலர் யோசித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனி. ஈதர்நெட் கேபிளில் எத்தனையோ கம்ப்யூட்டர்களை இணைக்கப் போகிறோம், ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் காண்பது? 1981-ல் யோகன் தலால், ராபர்ட் பிரின்டிஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலால், பம்பாய் ஐஐடி-யில் படித்தவர். 1974-ல் வின்ட் செர்ஃபுடன் சேர்ந்து இன்டர்நெட்டின் டிசிபி விதிமுறைக்கு முதல் வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர்.

ஒவ்வொரு கருவிக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத 48 பிட் நம்பர் கொடுத்துவிடலாம் என்றார்கள். நம்பர்களை மொத்தமாக ஓர் அலுவலகம் வைத்திருக்கும். கம்பெனிகள் அங்கே போய்த் தொகுதி தொகுதியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தொகுதியில் சுமார் 1 கோடியே 67 லட்சம். முதலில் ஜெராக்ஸே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டது. பிறகு ஐஇஇஇ என்ற என்ஜினீயர்கள் அமைப்பின் கைக்குப் போனது. இன்றைக்கு உங்கள் செல்போனின் வை-ஃபை சிப்பில் இருக்கும் நம்பரும் அந்த வம்சம்தான்.

48 பிட் என்பது மேலே சொன்ன அதே 281 லட்சம் கோடி. ஆக, இரண்டிலும் நம்பரின் அளவு ஒன்றே. அலுவலகம் கண்காணிப்பது தொகுதி வரைக்கும்தான். கடைசிச் சில இலக்கங்களைத் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் ஒழுங்காக எழுத வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. ஈதர்நெட்டில் தப்பு செய்தால் ஒரே ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர் முட்டிக்கொள்ளும். அன்றைக்கே புகார் வரும். யூஎஸ்பி பெட்டியில் தப்பு செய்தால், வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஒரு நம்பருக்குத் தனியாக மகிமை கிடையாது. ‘இதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்று ஒருவர் கொடுக்கும் வாக்குறுதிதான் அதை அடையாளமாக்குகிறது. வாக்குறுதி போனால் அது வெறும் இலக்கம்.

*

லினக்ஸ் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பழைய ‘டெவ்’ டைரக்டரியில் ஆயிரக்கணக்கான பெயர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒருவேளை அந்தக் கருவியை நீங்கள் என்றைக்காவது வாங்கினால் இருக்கட்டுமே என்று! 2001-ல் வந்த லினக்ஸ் 2.4-ல், ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் இடம்பெற்றது. கருவி இருந்தால் மட்டும் பெயர் தோன்றும். நல்ல யோசனை. ஆனால், என்ன பெயர் வைப்பது என்பதைக் கெர்னலே முடிவு செய்தது. வீட்டுக்காரருக்கு அதில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

2003-ல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் ‘யூடெவ்’ என்ற சின்ன புரோகிராமைக் கொண்டுவந்தார். அதன் தத்துவம் எளிமையானது. கருவி வந்திருக்கிறது என்று சொல்வது கெர்னலின் வேலை. அதற்கு என்ன பெயர் என்பதை முடிவு செய்வது வெளியே இருப்பவரின் வேலை. நாலு வரியில் ஒரு விதி எழுதி வைத்தால் போதும். ‘இந்த நம்பர் உள்ள டிஸ்க் வந்தால் அதற்கு இந்தப் பெயர்.’ டெவ்எஃப்எஸ் 2006-ல் கெர்னலிலிருந்து கழற்றப்பட்டது. யூடெவ் நிலைத்தது. 2012-ல் அது சிஸ்டம்டி என்ற பெரிய குடும்பத்தில் ஐக்கியமானது.

யூடெவ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பல பெயர்ப் பலகைகள் மாட்டும். நம்பரை வைத்து ஒன்று, செருகிய போர்ட்டை வைத்து ஒன்று, உள்ளே எழுதியிருக்கும் பெயரை வைத்து ஒன்று. எது சௌகரியமோ அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இதன் அருமை 2007 வாக்கில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த வருஷம் ஃபெடோரா 7 வந்தபோது, ஐடிஇ டிஸ்க்குகளும் புது டிரைவரின் கீழே வந்தன. எச்டிஏ என்று காலம் காலமாக இருந்தவர் ஒரே ராத்திரியில் எஸ்டிஏ ஆனார். நிரந்தரம் என்று நினைத்திருந்த சீட் நம்பரும் போயிற்று. டோக்கன் முறையை நம்பவே கூடாது என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தார்கள்.

அப்போது கைகொடுத்தது யூயூஐடி. 128 பிட் நம்பர். 1980-களில் அப்போலோ கம்ப்யூட்டர் என்ற கம்பெனியில் பிறந்தது. 2005-ல் இன்டர்நெட் விதியாக எழுதப்பட்டு, 2024-ல் திருத்தப்பட்டது. இதற்கு அலுவலகம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஃபார்மட் செய்யும்போதே கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி ஒரு நம்பரை எடுத்து டிஸ்க்குக்குள் எழுதிவிடும். குலுக்கலில் வரக்கூடிய நம்பர்கள் ஏறத்தாழ 5-க்குப் பக்கத்தில் 36 பூஜ்யம். ஒரே சீட்டு இருவருக்கு விழும் என்று பயப்பட வேண்டியதில்லை. தொழிற்சாலையின் ஒழுக்கத்தை நம்ப வேண்டியதும் இல்லை. மச்சம் மாதிரி, உள்ளேயே இருக்கும். பெட்டியை மாற்றினாலும், கேபிளை மாற்றினாலும் போகாது.

ஆனால், இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு டிஸ்க்கை அப்படியே அச்சு அசலாக இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தால், மச்சமும் சேர்ந்து காப்பியாகிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகினால் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், ‘இவரைத்தான் ஏற்கெனவே பார்த்தேனே’ என்று இரண்டாமவரைச் சேர்க்க மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமோ அசலையும் நகலையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடும். டேட்டா நாசமாகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. காப்பி எடுத்ததும் நகலுக்குப் புது நம்பர் கொடுத்துவிட வேண்டும். ஒரு வரிக் கட்டளைதான்.

*

சரி, நண்பரின் கதைக்கு வருவோம். இரண்டு பெட்டிக்கும் ஒரே சீரியல் நம்பர் என்றால் யூடெவ் என்ன செய்யும்? அந்த நம்பருக்கு ஒரே ஒரு பெயர்ப் பலகைதான் மாட்ட முடியும். இரண்டு பேர் அதற்குப் போட்டி. அது யார் பக்கம் திரும்பி நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் இவர், இன்னொரு நாள் அவர். பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர் எந்த வீட்டுக்குள் நுழைகிறார் என்பது அவருக்கே தெரியாது. நண்பர் நுழைந்தது கல்யாண வீட்டில்.

இதைவிட விபரீதமும் உண்டு. பெரிய சர்வர்களில் மல்ட்டிபாத் என்று ஒரு ஏற்பாடு இருக்கும். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு கேபிள் போட்டு, ஒன்று அறுந்தாலும் மற்றொன்றின் வழியாகப் பேசுவது. ஒரே அடையாளம் இரண்டு வழியில் தெரிந்தால், ‘ஓஹோ, ஒரே ஆள், ரெண்டு வாசல்’ என்று அது முடிவு கட்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே அடையாளம் சொல்லும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளைச் செருகினால்? பாதியை இதில் எழுதி, மீதியை அதில் எழுதி... இரண்டுமே கந்தல்.

பரிகாரம் என்ன? வரிசையாகச் சொல்கிறேன். இந்த மாதிரி பெட்டி உங்களிடமும் இருக்கலாம்.

முதல் வழி, துபாஷியை விலக்கிவிட்டு துரையையே கேட்பது. பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அதைத் தயாரித்த கம்பெனி கொடுத்த சொந்த சீரியல் நம்பர் உண்டு. பல டிஸ்க்குகளில் உலகளாவிய 64 பிட் பெயர் ஒன்றும் உண்டு. சிப் அனுமதித்தால் லினக்ஸ் அதன் வழியாகவே உள்ளே கேள்வி அனுப்பி அதை வாங்கிவிடும். யூடெவ் தானாகவே இப்படி முயன்று பார்க்கும். சில சிப்புகள் கேள்வியை உள்ளே விடாது. நண்பரின் பெட்டிகள் அந்த ரகம்.

இரண்டாவது, உள்ளே எழுதியிருக்கும் அடையாளம். யூயூஐடி, அல்லது நீங்களே வைத்த பெயர். தினசரி உபயோகத்துக்கு இதுதான் உத்தமம். ஒரே குறை, புத்தம்புது காலி டிஸ்க்கில் இன்னும் எதுவுமே எழுதியிருக்காது. ஆகவே, புது டிஸ்க் வாங்கினால் முதல் தடவை மற்றவற்றையெல்லாம் பிடுங்கி வைத்துவிட்டு, அதை மட்டும் தனியாகச் செருகி ஃபார்மட் செய்வதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, பழைய சீட் நம்பர் முறை. ‘பின்பக்கம் இரண்டாவது போர்ட்டில் யார் வந்தாலும் அவர் பெயர் பேக்கப்’ என்று யூடெவுக்கு ஒரு விதி எழுதிவிடலாம். பெட்டியை இடம் மாற்றிச் செருகாத வரை இது பிசகாது. மாற்றிச் செருகினால் போச்சு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் யோசித்துச் செய்யவும்.

நாலாவது, துபாஷிக்கே புதுப் பெயர் சூட்டுவது. சில சிப்புகளுக்கு அதைத் தயாரித்தவர்களின் கருவி கிடைத்தால், உள்ளே இருக்கும் நம்பரைத் திருத்தி எழுதிவிடலாம். தொழிற்சாலை செய்யாமல் விட்ட வேலையை நாம் செய்வது. ஆனால், பாதியில் கரன்ட் போனால் பெட்டி பேப்பர் வெயிட் ஆகிவிடும். டேட்டாவை வேறிடத்தில் வைத்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

*

எல்லாவற்றுக்கும் மாறாத நம்பர் ஒட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1999 ஜனவரியில் இன்டெல், தன் பென்டியம் 3 சிப் ஒவ்வொன்றிலும் 96 பிட் சீரியல் நம்பர் இருக்கும் என்று பெருமையாக அறிவித்தது. அமெரிக்காவில் ஒரே கூச்சல். “எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடுவாயா?” என்று பகிஷ்கரிப்புக் கோஷம் எழுந்தது. அடுத்த தலைமுறை சிப்பில் இன்டெல் சத்தமில்லாமல் அதைக் கைவிட்டது. அடையாளம் என்பது அப்படித்தான். இல்லாவிட்டால் தொலைந்துபோவோம். அதுவே அடுத்தவர் கையில் இருந்தால் ஒளியவே முடியாது.

நண்பருக்கு நாங்கள் செய்துகொடுத்தது சுலபமான வேலை. இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் செருகி, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டோம். பேக்கப் பெட்டிக்கு இதுவரை பெயரே இல்லை. அதற்கும் ஒரு பெயர் வைத்தோம். அவர் எழுதி வைத்திருந்த கட்டளைகளில் ஹார்டுவேர் நம்பர் வந்த இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டு, இந்தப் பெயர்களைப் போட்டோம். கடைசியாக, வெள்ளை பிளாஸ்திரி கிழித்து இரண்டு பெட்டியின் மண்டையிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினோம்.

காபி வந்தது. நண்பர் கல்யாணப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு வருஷம் முன்னாடி இதை ஃபார்மட் பண்றப்போ, பேர் வேணுமான்னு கேட்டுச்சு சார். வேலை மெனக்கெட்டு எதுக்குன்னு விட்டுடலாம்னுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரிதான், ‘அதுபாட்டுக்குக் கேக்குதுல்ல, கல்யாணம்னு அடிங்க’ன்னா.”

சீரியல் நம்பருக்கு விதி எழுத ஏழு கம்பெனிகள் கூடி ஆரம்பித்த ஓர் அமைப்பே இருந்தது. கடைசியில் நண்பரைக் காப்பாற்றியது அவர் வீட்டம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்.